பூட்டு வேறு, பெயர்ப்பலகை வேறு

நான் தையல் வேலை செய்பவள். "போனைப் பற்றி எழுத உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று என் மகளே கேட்டாள். கடையில் ஒரு போனைக் கொடுத்து, திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்தவள் நான். அதற்குப் பிறகு பல வருடமாகக் கண்ட கடைக்காரரை எல்லாம் கேட்டு அறிந்ததை, வெளிநாட்டிலிருந்து வந்த போன் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படியான போன் இல்லாத வீடு குறைவு.

2014 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம், கனடாவில் இருக்கும் என் அண்ணா ஒரு சம்சுங் போன் கொடுத்து விட்டிருந்தார். அவர் இரண்டு வருடம் பாவித்தது. கண்ணாடியில் சின்னக் கீறல், மற்றப்படி நல்ல போன். கொம்பனியுடன் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு போன் எடுத்ததால் இது எங்களுக்கு வந்தது. எனது பட்டன் போனில் இருந்த சிம்மைக் கடையில் வெட்டிச் சிறிதாக்கிப் போட்டோம். சிக்னல் வரவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. மகள் அப்போது நாலாம் ஆண்டு. எழுத்துக் கூட்டி வாசித்தாள்: சிம் நெற்வேர்க் அன்லொக் பின். அதற்குக் கீழே இலக்கம் அடிக்க ஒரு கட்டம்.

"இது கனடா லொக் அன்ரி. கோட் எடுக்க வேணும். காசு கூட வரும்" என்றான் கடைத்தம்பி. அந்த நேரம் வீட்டுக்குச் சீற் வாங்கின கடனே முடியவில்லை. போனைச் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

ஆனால் சிம் இல்லாவிட்டாலும் போன் சும்மா கிடக்கும் பொருள் இல்லை. படம் எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம், குரல் பதியலாம். மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். முதலில் கோழியைப் படம் எடுத்தாள், பிறகு என்னை, பிறகு அம்மம்மாவை.

2009 மே மாதத்தில் என் தம்பியைக் கடைசியாகக் கண்டது அம்மாதான். நான் பிள்ளையோடு அதற்கு முதல் மாதமே இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அம்மா அந்தக் கதையைச் சொல்லாத கிழமை இல்லை. என்ன நிறச் சேட் போட்டிருந்தான், காலில் செருப்பு இருந்ததா, எந்தப் பக்கமாக நடந்தான், திரும்பிப் பார்த்து என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவா. 2015இல் ஒரு நாள் பின்னேரம் மெஷினில் இருந்தபடி போனை மேசையில் வைத்துப் பதிந்தேன். அம்மாவுக்குத் தெரியும். "கிட்ட வை, எனக்குச் சத்தம் போட ஏலாது" என்றா. அதற்குப் பிறகும் இடையிடையே பதிந்தேன். எல்லாமாக ஏழு பதிவுகள். அம்மா 2016 கார்த்திகையில் காலமானா.

அடுத்த வருடம் மாசியில் அண்ணா கோட் எடுத்துத் தந்தார். அந்தக் காலத்தில் கனடாக் கொம்பனிகள் ஒரு போனின் பூட்டைத் திறக்க 50 டொலர் அளவில் எடுத்தன. எங்கள் காசுக்கு ஐயாயிரத்துக்கும் மேல். என் போனில் *#06# அடித்து வந்த 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை அண்ணாவுக்குச் சொன்னேன். அவர் அதைக் கொம்பனிக்குக் கொடுத்தார். அவர்கள் ஓர் இலக்கத்தை அனுப்பினார்கள். அண்ணா பட்டன் போனில் எடுத்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, மகள் அடித்தாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. சிக்னல் கோடுகள் வந்தன. படங்களும் அம்மாவின் குரலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

போனை அணைத்துப் போடும்போதெல்லாம் அந்தக் கனடாக் கொம்பனியின் பெயர் திரை நிறைய வந்துகொண்டிருந்தது. உள்ளேயும் அவர்களுடைய அப்கள் ஐந்தாறு. எங்களுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை, அழிக்கவும் விடாது. டேட்டாவும் வேலை செய்யவில்லை. 'இன்னும் முழுதாகத் திறபடவில்லையோ' என்று எனக்குச் சந்தேகம். ரவுணில் வேறொரு கடைக்குக் கொண்டு போனேன். பார்த்தவுடன், "ஓம் அக்கா, இது அரைவாசிதான் அன்லொக் ஆகியிருக்கு. சொப்ட்வெயார் அடிச்சால் எல்லாம் கிளியர். தமிழ் மெனுவும் வரும். ஆயிரத்தைந்நூறு" என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பின்னேரம் போனேன். கொம்பனிப் பெயர் போய்விட்டது. போன் புதிதாக வாங்கியது போல் வெறுமையாக இருந்தது. மகள் கலரியைத் திறந்து பார்த்தாள். பிறகு குரல்பதிவு இருந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. போனை என் கையில் தந்தாள்.

"மெமரி காட்டிலை போட்டு வைக்கேல்லையோ அக்கா?" என்று கடையில் கேட்டார்கள். மெமரி காட் என்று ஒன்று வாங்கிப் போடலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

2018இல் காணாமல் போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது, தம்பியின் விபரங்களை என் ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன். சேட்டின் நிறம் நீலம் என்று எழுதினேன். அம்மா நீலம் என்றாவா, சாம்பல் என்றாவா என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன்.

அந்தக் கடையில் நடந்தது என்ன?

எங்கள் கடைகளின் பலகைகளில் 'அன்லொக்', 'பிளாஷ்', 'சொப்ட்வெயார்' எல்லாம் ஒரே வரியில் எழுதியிருக்கும். நாங்களும் எல்லாவற்றையும் 'திறக்கிறது' என்றே சொல்லுகிறோம். ஆனால் அவை வேறு வேறு வேலைகள். திரையில் கோடு போட்டுத் திறக்கும் பூட்டும் ஒரு பூட்டுத்தான். அது எங்கள் பூட்டு. கொம்பனியின் பூட்டு வேறு.

முதலில் கொம்பனியின் பூட்டைப் பார்ப்போம். சிம்முக்குள் ஓர் எண் இருக்கிறது. ஆட்களுக்கு நாங்கள் கொடுக்கும் நம்பர் அல்ல அது, பெரும்பாலும் 15 இலக்கம் கொண்ட வேறோர் எண். அதன் முதல் 3 இலக்கமும் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302. அடுத்து வருவது எந்தக் கொம்பனி என்பதைச் சொல்லும். பூட்டுள்ள போன் சிம்மைப் போட்டதும் இந்த முன் இலக்கங்களைப் பார்க்கிறது. தன் கொம்பனி என்றால் விடும். இல்லையென்றால் கோட் கேட்கும். வெளிநாடுகளில் போனை மலிவாகக் கொடுத்து மாதாமாதம் காசு எடுப்பதால், ஆள் வேறு கொம்பனிக்கு ஓடாமல் இருக்கப் போட்ட படலை இது. இங்கே கடையில் வாங்கும் போன்களில் இது பொதுவாக இருப்பதில்லை. ஆனால் எங்கள் கொம்பனிகள் தரும் இணைய டொங்கிள், ரவுட்டர் பலவற்றில் இதே பூட்டுத்தான் இருக்கிறது.

பூட்டா திறப்பா என்ற குறிப்பு போனின் தனியான, பாதுகாப்பான ஒரு மூலையில் இருக்கும். படமும் குரலும் இருக்கும் இடம் வேறு. சரியான கோட்டை அடித்தால் அந்த மூலையில் மட்டுமே மாற்றம். எங்கள் சாமான் ஒன்றிலும் கை படாது.

கொம்பனியின் பெயர் வருவதும், அவர்களின் அப்கள் இருப்பதும், டேட்டாவுக்கு அவர்களின் அமைப்பு இருப்பதும் வேறு விஷயம். போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை, விற்கும் கொம்பனி தன் விருப்பத்துக்கு மாற்றி ஏற்றியிருக்கும். எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளின் முன்சுவரில் உதவி செய்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பதித்திருக்கிறார்களே, அதுபோல. பலகை சுவரில் இருக்கிறது என்பதற்காக வீட்டுத் திறப்பு அவர்களிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. திறப்பு எங்கள் முந்தானையில் இருக்கிறது. என் போனும் அப்படித்தான். பூட்டு முழுதாகவே திறந்திருந்தது. நான் பலகையைப் பார்த்து வீடு பூட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பலகையை எடுக்கத்தான் 'சொப்ட்வெயார் அடிப்பது'. அது பலகையை மட்டும் கழற்றும் வேலை அல்ல. பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, கொம்பனிப் பெயர் இல்லாத வேறொன்றைக் கணினியிலிருந்து ஏற்றுகிறார்கள். சம்சுங் போனில் உள்ளிருப்பதை அழித்து ஏற்றுவதற்கு ஒரு கோப்பும், அழிக்காமல் ஏற்றுவதற்கு இன்னொரு கோப்பும் உண்டு. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவதென்றால் பெரும்பாலும் அழிக்கிற கோப்பைத்தான் போடுவார்கள். வேறு சில போன்களில், மென்பொருளை மாற்ற முதலில் திறக்க வேண்டிய இன்னோர் உட்பூட்டு இருக்கிறது. அதைத் திறந்தாலே போன் தன்னிலுள்ள எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும். களவெடுத்தவன் எங்கள் படங்களைப் பார்க்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏற்றும்போது பற்றரி இறங்கினாலோ, வயர் கழன்றாலோ, அந்தப் போனுக்குரியதல்லாத மென்பொருளைப் போட்டாலோ, போன் எழும்பாமலே போகவும் கூடும்.

எங்கள் பக்கத்து வளவு அக்கா

என் கதை பாதிதான். மற்றப் பாதி பக்கத்து வளவு அக்காவுக்கு 2019இல் நடந்தது. லண்டனிலிருந்து பெறாமகன் அனுப்பிய போன். அதுவும் பூட்டு. கடையில் சொப்ட்வெயார் அடித்தார்கள். கொம்பனிப் பெயர் போனது. சிம்மைப் போட்டால் பழையபடி கோட் கேட்டது! பலகையைக் கழற்றினாலும் படலைப் பூட்டு அப்படியே இருந்தது. பூட்டுக் குறிப்பு வேறு மூலையில் இருக்கிறது என்று சொன்னேனே, அதுதான் காரணம். கோட்டுக்கு இரண்டாம் தரம் காசு கட்டினா.

அதோடும் முடியவில்லை. அழித்து ஏற்றிய பிறகு போன், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்டது. 2015க்குப் பின் வந்த அன்ட்ரொயிட் போன்களில் இந்தக் காவல் இருக்கிறது. பெறாமகன் பழைய கடவுச்சொல்லை மறந்துவிட்டான். மூன்று மாதம் போன் சாமியறைத் தட்டில் இருந்தது. ஆகவே போன் அனுப்புபவரிடம், "உங்கடை கணக்கை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள்.

கடைத்தம்பிகள் எல்லோரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொப்ட்வெயார் அடிக்க வேண்டிய நேரமும் உண்டு. போன் பெயர் மட்டும் காட்டிவிட்டு நிற்கிறது, திரும்பத் திரும்ப அணைந்து எழும்புகிறது என்றால் வேறு வழியில்லை. என் போனின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கவில்லை, அடித்த பின்தான் வந்தது என்பதும் உண்மை. ஆனால் தமிழில் எழுதுவதற்கு ஒரு கீபோட் அப் போதும் என்று பிறகு அறிந்தேன். தேவையில்லாத கொம்பனி அப்களை அழிக்க விடாவிட்டாலும், செற்றிங்ஸில் போய் 'டிசேபிள்' செய்தால் அவை கண்ணிலும் படாது, டேட்டாவையும் தின்னாது. டேட்டா வேலை செய்யாததற்குக் காரணம் பழைய கொம்பனியின் ஏ.பி.என். அமைப்பு. எங்கள் சிம் கொம்பனிக்கு அழைத்துக் கேட்டால், எதை எங்கே எழுத வேண்டும் என்று இலவசமாகச் சொல்லுவார்கள். நான் ஆயிரத்தைந்நூறு கொடுத்துச் செய்த வேலையில் முக்கால்வாசியை வீட்டில் இருந்தே செய்திருக்கலாம்.

அனுப்புகிறவர்களிடம் கேளுங்கள்

இந்தப் பூட்டுக்கு எதிராக வெளிநாட்டிலும் சனம் சண்டை பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் 2013 ஜனவரி 26க்குப் பின் வாங்கிய போனைக் கொம்பனியின் அனுமதியில்லாமல் திறப்பது சட்டப்படி குற்றம் என்றானது. சொந்தக் காசில் வாங்கிய போனைத் திறக்கக் குற்றமா என்று 1,14,000 பேருக்கு மேல் வெள்ளை மாளிகைக்கு மனுவில் ஒப்பமிட்டார்கள். 2014 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா அதை மாற்றும் சட்டத்தில் கையொப்பமிட்டார். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய போன்களைப் பூட்டில்லாமல் கொடுக்க வேண்டும், பழையதைக் கேட்டால் இலவசமாகத் திறந்து தர வேண்டும் என்று விதி வந்தது. அண்ணா 50 டொலர் கட்டிப் பத்து மாதத்தில்! பிரித்தானியாவில் 2021 டிசம்பர் 17 முதல் பூட்டிய போன் விற்கத் தடை. அமெரிக்காவில் இன்னும் பூட்டோடு விற்கிறார்கள்.

எனவே பூட்டைத் திறக்கச் சிறந்த இடம் எங்கள் ரவுண் கடை அல்ல, அந்தப் போனை விற்ற கொம்பனிதான். அனுப்ப முதலே அண்ணனோ மச்சாளோ அங்கே கேட்டுத் திறப்பித்து அனுப்பலாம். வந்த பின்னும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஐபோனுக்குக் கோட் அடிக்கும் வேலையே இல்லை. கொம்பனி அறிவித்தால் அப்பிள் தன் பதிவில் மாற்றிவிடும். செற்றிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கரியர் லொக்' என்ற வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் திறந்திருக்கிறது. கோட் அடிக்கும் போனில் ஊகித்து ஊகித்து அடிக்க வேண்டாம். எத்தனை தரம் பிழை விடலாம் என்பது போனுக்குப் போன் வேறு. அது தாண்டினால் சரியான கோட்டையும் ஏற்காது.

ஒன்றை மட்டும் எந்தத் திறப்பும் சரிசெய்யாது. களவுபோனது என்றோ, காசு கட்டவில்லை என்றோ ஐ.எம்.இ.ஐ. தடைசெய்யப்பட்ட போன். ஐ.எம்.இ.ஐ.யை மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப்படியை விட்டு இறங்கிவிடுங்கள். பிரித்தானியாவில் அது 2002இலிருந்தே குற்றம். இங்கே இரண்டாம் கைப் போன் வாங்குபவர்கள், ஐ.எம்.இ.ஐ. என்று எழுதி ஓர் இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் வரும்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். படங்களும் குரல்களும் போனுக்குள் இருந்தால் முதலில் மெமரி காட்டுக்கு மாற்றுவியுங்கள், அதுவும் உங்கள் கண் முன்னால். பொம்பிளைப் பிள்ளைகளின் படம் உள்ள போனை இரவு முழுக்கக் கடையில் விடாதீர்கள். "தம்பி, இதிலை உள்ளது அழியுமோ?" என்று வாய் திறந்து கேளுங்கள். எனக்கு அன்று அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. கடைக்காரருக்கு முன்னால் தெரியாதவளாய் நிற்கக் கூச்சம்.

அம்மாவின் ஏழு பதிவில் ஒன்று இருக்கிறது. பூட்டுத் திறந்த கிழமை மகள் ஆசைக்குப் பக்கத்து வீட்டு வைபையில் வைபரில் அண்ணாவுக்கு ஒன்று அனுப்பியிருந்தாள். நான் அழுதழுது சொன்ன பிறகுதான் அவர் தேடித் திருப்பி அனுப்பினார். 1 நிமிடம் 40 செக்கன். தம்பியின் கதை அல்ல. அம்மா தொடங்க முதல், முற்றத்து ஆடு மரவள்ளியில் வாய் வைத்துவிட்டது. அதைக் கலைக்கிற சத்தமும், என்னைப் பேசுகிற பேச்சும், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு "இனிச் சொல்லட்டே?" என்று கேட்பதும்தான் அதில் இருக்கிறது.

போன வருடம் அண்ணாவின் மகள் இன்னொரு போன் அனுப்பினாள். பூட்டு இல்லை, பார்த்துத்தான் அனுப்பினாளாம். ஆனால் போடும்போது அந்தக் கொம்பனியின் பெயர் பெரிதாக வருகிறது. "எடுப்பிப்பமா அம்மா?" என்று மகள் கேட்டாள். "அது வந்திட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.